பல் மருத்துவப் படிப்பு: காவிரிப் படுகை மாணவர்களும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மேட்டூர் அணை திறக்கப்படும் ஜூன் மாதத்தில்தான் பெரும்பாலும் நீட் தேர்வு முடிவுகளும் வெளியாகின்றன. அந்த இரண்டு வாரங்களில், கும்பகோணத்தில் உள்ள என் சிகிச்சையகத்துக்குப் பல்வலியோடு வருகிறவர்களைவிட மதிப்பெண் தாளோடு வருகிறவர்களே அதிகம் என்று என் உதவியாளர் குறைபட்டுக்கொள்வது வழக்கம். பாபநாசம், திருவிடைமருதூர், வலங்கைமான், குடவாசல் என்று சுற்றுவட்டாரத்திலிருந்து வரும் பெற்றோர் கேட்பவை ஏறக்குறைய ஒரே கேள்விகள் என்பதால், ஒவ்வொருவருக்கும் அவசரத்தில் பாதிப் பாதியாகச் சொன்னதை இங்கே முழுமையாக எழுதிவைக்கிறேன்.

எம்.பி.பி.எஸ். கிடைக்கும் அளவுக்கு மதிப்பெண் வரவில்லை. பி.டி.எஸ். சேர்வதா, இன்னோர் ஆண்டு நீட் எழுதுவதா?

என்னிடம் முதலில் வரும் கேள்வி இதுதான். பெரும்பாலும் கேட்பவர் தந்தையாக இருப்பார். பிள்ளை பக்கத்தில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும். நான் தந்தைக்குப் பதில் சொல்வதற்கு முன் பிள்ளையிடம் ஒன்று கேட்பேன்: பள்ளியில் உனக்குப் பிடித்தது பாடமா, ஆய்வகமா? செம்பருத்தியை அறுத்து, படம் வரைந்து, பாகம் குறித்ததில் மகிழ்ச்சி கண்ட பிள்ளைக்குப் பல் மருத்துவம் பொருந்தி வர நிறைய வாய்ப்பு உண்டு. புத்தகத்தை மனப்பாடம் செய்வதில் மட்டும் கெட்டிக்காரராக இருந்து, கைவேலை என்றாலே ஒதுங்கும் பிள்ளைக்கு இந்தப் படிப்பின் இரண்டாம் ஆண்டு பெரும் சோதனையாக அமையும்.

பல் மருத்துவத்தை எம்.பி.பி.எஸ். தவறவிட்டவர்களுக்கான ஆறுதல் பரிசாகப் பார்ப்பதுதான் இதில் சேரும் பலருடைய முதல் தவறு. உடலை முழுதாகப் படித்துவிட்டுப் பின்னர் ஒரு துறையைத் தேர்ந்துகொள்வது எம்.பி.பி.எஸ்.; முதல் நாளிலிருந்தே ஓர் உறுப்பைக் குறிவைத்துக் கையைப் பழக்குவது பி.டி.எஸ். இரண்டும் வெவ்வேறு இயல்பு உடையவர்களுக்கானவை. ஓர் ஆண்டு திரும்ப எழுதிப் பார்ப்பதில் பிழையில்லை. மூன்றாம் முறை, நான்காம் முறை என்று நாமக்கல் பயிற்சி மையங்களில் வயதைக் கழிப்பதை நான் ஆதரிப்பதில்லை. அதேபோல, ‘இப்போதைக்கு பி.டி.எஸ். சேர்ந்து வைப்போம், அடுத்த ஆண்டு விட்டுவிடலாம்’ என்று எண்ணுவோர், கலந்தாய்வு விளக்கக் குறிப்பேட்டில் இடையில் நிற்பதற்கான தண்டத்தொகை பற்றிய பகுதியை ஒருமுறை நிதானமாக வாசித்துவிட வேண்டும்.

சேர்வதற்கு என்ன தகுதி வேண்டும்? இடங்கள் எப்படி நிரப்பப்படுகின்றன?

பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் பாடங்களைப் படித்திருக்க வேண்டும். அந்தப் பாடங்களில் பொதுப்பிரிவினருக்கு 50 விழுக்காடும், பிற்படுத்தப்பட்டோர், பட்டியல் வகுப்பினர், பழங்குடியினர் ஆகியோருக்கு 40 விழுக்காடும் குறைந்தபட்சத் தேவை. சேரும் ஆண்டின் டிசம்பர் 31ஆம் நாளுக்குள் 17 வயது நிறைந்திருக்க வேண்டும். இவற்றோடு 720 மதிப்பெண்களுக்கு நடத்தப்படும் நீட் தேர்வில் தகுதி பெற வேண்டும். அந்தத் தேர்வைத் தமிழிலும் எழுதலாம்.

அரசுக் கல்லூரி இடங்களில் 15 விழுக்காடு அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகும். மீதியையும் தனியார் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்களையும் மாநிலத் தேர்வுக் குழு 69 விழுக்காடு இட ஒதுக்கீட்டின்படி கலந்தாய்வு நடத்தி நிரப்புகிறது. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களின் இடங்கள் மத்தியக் கலந்தாய்வில் நிரப்பப்படுகின்றன. ஆகவே மாநிலக் கலந்தாய்வுக்கு மட்டும் விண்ணப்பித்துவிட்டு ‘அந்தக் கல்லூரி பட்டியலிலேயே இல்லையே’ என்று தேடுவதில் பயனில்லை. காரைக்கால் மாணவர்கள் புதுச்சேரியின் மாணவர் சேர்க்கைக் குழுவான சென்டாக் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். கொள்ளிடத்துக்கும் அரசலாற்றுக்கும் இடையே ஒரே மண் என்றாலும் கலந்தாய்வில் அவர்கள் வேறு மாநிலம்.

ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தமிழ்நாட்டில் 2020இல் கொண்டுவரப்பட்ட 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு உண்டு. இதில் தேர்வாகிறவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தாலும் இது பொருந்தும் என்பது தெரியாமல், ‘நமக்கு எதற்குத் தனியார் கல்லூரி’ என்று கலந்தாய்வுக்கே போகாமல் இருந்துவிட்ட ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். எட்டாவது வரை அரசு உதவி பெறும் பள்ளியில் படித்துவிட்டுப் பின் அரசுப் பள்ளிக்கு மாறியவர்கள் இந்த ஒதுக்கீட்டை எதிர்பார்க்கக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

நம் பக்கத்தில் படிக்க எங்கே கல்லூரி இருக்கிறது? செலவு எவ்வளவு ஆகும்?

மாநிலத்தில் அரசுப் பல் மருத்துவக் கல்லூரிகள் விரல்விட்டு எண்ணக்கூடியவைதான். சென்னையில் உள்ளது 1953இல் தொடங்கியது. நமக்கு அருகில் கொள்ளிடத்தைத் தாண்டியதும் சிதம்பரத்தில் ஒன்று இருக்கிறது. 1980இல் ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரியாகத் தொடங்கி, பல்கலைக்கழகத்தின் கீழ் நெடுங்காலம் இயங்கியபின், மாணவர்களின் நீண்ட கட்டணப் போராட்டத்தை அடுத்து அரசின் மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு மாற்றப்பட்டது. தெற்கே புதுக்கோட்டையில் 2023இல் புதிய அரசுக் கல்லூரி திறக்கப்பட்டது. காரைக்கால் மாணவர்களுக்குப் புதுச்சேரியில் அரசு சார்ந்த மகாத்மா காந்தி பல் மருத்துவ நிறுவனம் உண்டு.

அரசுக் கல்லூரியில் ஆண்டுக் கல்விக் கட்டணம் ஆயிரங்களில்தான் இருக்கும். தனியாரில் அது லட்சங்களுக்குப் போய்விடும். பெற்றோர் கணக்கில் எடுத்துக்கொள்ள மறப்பது கருவிகளின் செலவு. மெழுகுக் கத்தி, செதுக்கி, வாய்க் கண்ணாடி, பல் பிடுங்கும் குறடுகளின் தொகுப்பு, ஏர்ரோட்டர் எனப்படும் குடையும் கருவி ஆகியவற்றைப் பெரும்பாலான கல்லூரிகளில் மாணவரே வாங்க வேண்டியிருக்கும். முடித்துவிட்டுப் போகும் மூத்த மாணவர்களிடம் பழைய கருவிகளை வாங்கிக்கொள்வது எல்லா விடுதிகளிலும் நடக்கும் வழக்கம்; அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. குறடு நல்ல எஃகாக இருந்தால் தலைமுறைக்கு உழைக்கும்.

தமிழ் வழியில் படித்தவர்களால் ஈடுகொடுக்க முடியுமா?

முடியும். முதல் ஆறு மாதம் கடினமாக இருக்கும். பாடநூல்கள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. சொற்களோ லத்தீனும் கிரேக்கமும் கலந்தவை. ஆனால் பல்லின் பக்கங்களைக் குறிக்கும் மீசியல், டிஸ்டல், பக்கல், லிங்குவல் என்ற சொற்கள் ஆங்கில வழி மாணவருக்கும் புதியவைதான். அந்த இடத்தில் இருவரும் ஒரே வாசற்படியில் நிற்கிறார்கள். கேள்வித்தாளில் என்ன கேட்கிறார்கள் என்று புரிந்து, குறுகிய சொற்றொடர்களில் பிழையின்றி எழுதப் பழகிக்கொண்டால் போதும்.

மூன்றாம் ஆண்டில் நிலைமை தலைகீழாக மாறும். நோயாளி தமிழில்தான் பேசுவார். அதுவும் பாடநூல் தமிழில் அல்ல. ‘பல்லு கூசுது’ என்பார் ஒருவர். ‘ராத்திரி படுத்தா விண்ணு விண்ணுன்னு தெறிக்குது’ என்பார் இன்னொருவர். ‘சும்மா இருந்தா ஒண்ணுமில்ல, கடிச்சாதான் குத்துது’ என்பார் மூன்றாமவர். இந்த மூன்றும் மூன்று வெவ்வேறு நோய்நிலைகள். குளிர்ந்த நீர் பட்டதும் கூசி, நீர் போனதும் அடங்குகிற பல்லைப் பெரும்பாலும் சொத்தையைச் சுரண்டி அடைத்தே காப்பாற்றலாம். இரவில் தானாகவே தெறிக்கும் பல்லின் உள்ளே நரம்புக்கூழ் மீள முடியாதபடி அழன்றிருக்கிறது என்று கொள்ளலாம். அதற்கு வேர் சிகிச்சை வேண்டும். கடித்தால் மட்டும் குத்தும் பல்லில் வேர் நுனியைச் சுற்றிய அழற்சியையோ கண்ணுக்குத் தெரியாத விரிசலையோ தேட வேண்டும். நோயாளி சொன்ன சொல்லைக் காது கொடுத்துக் கேட்டு, அதை ஆங்கில நோய்க்குறிப்பாக எழுதத் தெரிந்தவரே நல்ல மாணவர். திருத்துறைப்பூண்டிப் பேச்சைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு இதில் கிடைக்கும் சாதகத்தை எந்தப் பயிற்சி மையமும் தர முடியாது.

ஐந்து ஆண்டுகளில் என்னென்ன படிக்க வேண்டும்?

4 ஆண்டுகள் பாடமும் 1 ஆண்டு சுழற்சிமுறை உள்ளுறைப் பயிற்சியும் சேர்ந்ததே பி.டி.எஸ். முதலாண்டில் உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல், பற்களின் அமைப்பு ஆகியவை; மனித உடலை அறுத்துப் படிப்பது இங்கேயும் உண்டு. இரண்டாம் ஆண்டில் நோயியல், நுண்ணுயிரியல், மருந்தியல், பல் பொருள்கள் குறித்த அறிவியல், அவற்றோடு பொம்மைத் தலைகளில் செய்முறைப் பயிற்சி. மூன்றாம் ஆண்டில் பொது மருத்துவம், பொது அறுவை, வாய் நோயியல். இறுதியாண்டில் மட்டும் எட்டுப் பாடங்கள் வரிசைகட்டி நிற்கும்: வாய் மருத்துவமும் கதிர்ப்படமும், குழந்தைப் பல் மருத்துவம், பல் சீரமைப்பு, ஈறு மருத்துவம், செயற்கைப் பல், பல் காப்பும் வேர் சிகிச்சையும், வாய்–தாடை அறுவை, சமூகப் பல் மருத்துவம். ஒவ்வொரு பாடத்திலும் தேர்ச்சிக்கு 50 விழுக்காடும், வகுப்புகளில் 75 விழுக்காடு வருகையும் தேவை. சேர்ந்த நாளிலிருந்து 9 ஆண்டுகளுக்குள் உள்ளுறைப் பயிற்சி உட்பட அனைத்தையும் முடித்தாக வேண்டும் என்ற விதியும் இருக்கிறது.

‘கைவேலைப் படிப்பு’ என்று சொல்கிறீர்களே, அப்படி என்னதான் செய்யச் சொல்வார்கள்?

முதலாண்டில் ஒரு மெழுகுக் கட்டியைக் கொடுத்து, அதில் பல்லைச் செதுக்கச் சொல்வார்கள். கேட்கச் சிரிப்பாக இருக்கும். மேல் தாடையின் முதல் கடைவாய்ப்பல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறாம் வயதில் முளைப்பது. கன்னத்தின் பக்கம் இரண்டு வேர், அண்ணத்தின் பக்கம் ஒரு வேர். கடிக்கும் பரப்பில் நான்கு முகடுகள், அவற்றுக்கு இடையில் பள்ளங்கள், ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குச் சாய்வாக ஓடும் ஒரு வரப்பு. முகடு எங்கே உயர்ந்து எங்கே சரிகிறது என்று கண் அறிந்திருந்தாலும் கை அறியாது. கத்தி ஒரு மயிரிழை கூடுதலாக இறங்கிவிட்டால் முகடு போய்விடும். செதுக்கியதைத் திரும்ப ஒட்ட முடியாது. நான் செதுக்கிய முதல் கடைவாய்ப்பல்லை ஆசிரியர் உள்ளங்கையில் உருட்டிப் பார்த்து, “இது எந்த மிருகத்தோட பல்லு?” என்று கேட்டார். அந்த வாரம் மட்டும் ஆறு கட்டி மெழுகு தீர்ந்தது.

இதன் பயன் பின்னர்தான் விளங்கும். சொத்தையைச் சுரண்டி அடைக்கும்போது, பசை இறுகுவதற்குள் அந்த முகடுகளையும் பள்ளங்களையும் நோயாளியின் வாய்க்குள், எச்சில் ஊறிக்கொண்டிருக்க, கண்ணாடியில் தெரியும் தலைகீழ் பிம்பத்தைப் பார்த்துக்கொண்டே உருவாக்க வேண்டும். அடைப்பு ஒரு நூல் உயரமாகிவிட்டாலும் மறுநாளே நோயாளி தாடையைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்பார்.

உலோகத் தொப்பி செய்யும் பயிற்சி வரும்போது நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு வியப்பு காத்திருக்கிறது. பல்லின் தொப்பியை முதலில் மெழுகில் வடித்து, அதற்கு ஒரு மெழுகுத் தண்டு பொருத்தி, சுற்றிலும் வெப்பம் தாங்கும் சாந்தை ஊற்றி இறுகவைத்து, உலையில் வைத்தால் மெழுகு உருகி ஓடி வெற்றிடம் மிஞ்சும். அந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகம் பாயும். 1907இல் வில்லியம் டாகர்ட் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் இந்த முறையைப் பல் மருத்துவ உலகில் பரப்பினார் என்று பாடத்தில் வரும். சுவாமிமலையில் ஸ்தபதிகளின் பட்டறையை எட்டிப் பார்த்த எவருக்கும் இது புதிதல்ல. அங்கே தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து சிலையை வடித்து, காவிரியின் வண்டல் மண்ணைப் பூசி, மெழுகை உருக்கி ஓடவிட்டு, ஐம்பொன்னை ஊற்றுகிறார்கள். அங்கே நடராசர், இங்கே கடைவாய்ப்பல், வழி ஒன்றுதான். நான் மாணவனாக இருந்தபோது விடுமுறையில் ஒரு பட்டறைக்குப் போய், மெழுகைச் சூடாக்கும் பதம் பற்றி ஒரு பெரியவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது எந்தப் பாடநூலைக் காட்டிலும் உதவியது. இப்போது கணினியில் வடிவமைத்து சிர்கோனியா என்ற பீங்கான் வகையைக் கடைந்தெடுக்கும் முறை வந்துவிட்டதால் வார்ப்பு வேலை குறைந்துவருகிறது. ஆனாலும் மெழுகில் கைபழகாதவருக்குக் கணினித் திரையில் காணும் பல் சரியாக இருக்கிறதா என்று சொல்லத் தெரிவதில்லை.

உண்மையான நோயாளியின் வாயில் கைவைப்பது எப்போது? பயமாக இருக்காதா?

மூன்றாம் ஆண்டில். அதற்கு முன் பொம்மைத் தலையிலும், சுத்திகரித்துச் சாந்தில் பதித்த பிடுங்கிய பற்களிலும் பயிற்சி நடக்கும். இதற்காக மாணவர்கள் ஊரிலுள்ள பல் மருத்துவர்களிடம் போய்ப் பிடுங்கிய பற்களைக் கேட்டு வாங்கிச் சேர்ப்பது உண்டு. என்னிடமும் ஒரு மூடியிட்ட புட்டி எப்போதும் இருக்கிறது. தீபாவளி விடுமுறைக்கு வரும் பிள்ளைகள் எடுத்துக்கொண்டு போவார்கள்.

பயம் இருக்கத்தான் செய்யும். ஏர்ரோட்டர் நிமிடத்துக்கு 3 லட்சம் முதல் 4 லட்சம் சுற்றுகள் சுழலும். கை நடுங்கினால் நாக்கைக் கிழித்துவிடும். ஆகவே குடைவதற்கு முன் சுண்டுவிரலையோ மோதிர விரலையோ பக்கத்துப் பல்லில் ஊன்றிக்கொள்ளப் பழக்குவார்கள். பல ஆண்டுகள் கழித்தும் நான் பேனா பிடித்து எழுதும்போதுகூட அந்த விரல் தானாக ஊன்றிக்கொள்கிறது.

நான் முதன்முதலில் பிடுங்கிய பல், ஒரு வயதான விவசாயியின் கீழ்க் கடைவாய்ப்பல். மரத்துப்போகும் ஊசி நன்றாகவே வேலை செய்தது. அவசரப்பட்டுக் குறடை முறுக்கியதில் மேற்பகுதி மட்டும் கையோடு வந்து, வேர் உள்ளேயே முறிந்து நின்றுவிட்டது. எனக்கு வியர்த்துவிட்டது. மேற்பார்வையிட வேண்டியவர் அந்த நேரத்தில் அந்த அறையில் இல்லை. அது நடந்திருக்கக் கூடாத ஒன்று என்பதை இன்று சொல்ல முடிகிறது, அன்று சொல்லத் துணிவில்லை. பெரியவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, வாயில் பஞ்சோடு, “பதட்டப்படாதீங்க தம்பி, மெதுவா எடுங்க, நான் எங்கயும் ஓடிப்போகல” என்றார். மூத்த மாணவி ஒருவர் வந்து, நெம்புகோலை வேருக்கும் எலும்புக்கும் இடையே நுழைத்து, பலம் காட்டாமல் மெல்லத் திருப்பி வேரை மேலே கொண்டுவந்தார். பல் பிடுங்குவது இழுக்கும் வேலை அல்ல, எலும்பை மெதுவாக விரிக்கும் வேலை என்பது அன்றுதான் கைக்கு ஏறியது.

டெல்டாவில் படிப்பதாலோ வேலை செய்வதாலோ ஏதேனும் வேறுபாடு உண்டா?

உண்டு, நிறையவே. இங்கே நாற்று நடவும் அறுவடையும் மும்முரமாக இருக்கும் நாள்களில் கிராமத்து நோயாளிகள் வருவது குறையும். வலியைக் கிராம்பு வைத்துச் சமாளித்துக்கொண்டு, வேலை ஓய்ந்தபின் முகம் வீங்கி வருவார்கள். இறுதியாண்டு மாணவர் இத்தனை வேர் சிகிச்சை, இத்தனை பல் செட் என்று செய்து காட்ட வேண்டிய எண்ணிக்கை இருப்பதால், அந்த வாரங்களில் நோயாளிக்காகக் காத்திருப்பது பெரும் தவிப்பு. ஊரிலிருந்து சித்தப்பாவையும் பெரியம்மாவையும் அழைத்துவந்து நாற்காலியில் உட்காரவைக்கும் மாணவர்கள் எல்லா வகுப்பிலும் உண்டு.

அடுத்தது வெற்றிலை. 2025இல் புவிசார் குறியீடு பெற்ற கும்பகோணம் வெற்றிலை நமக்குப் பெருமை. குற்றம் இலையில் இல்லை. அதனோடு போகும் பாக்கிலும் புகையிலையிலும் இருக்கிறது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, புகையிலை சேராத பாக்கும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியதே என்று 2004இல் வெளியிட்ட தொகுப்பில் வகைப்படுத்தியிருக்கிறது. விடாமல் பாக்கு போடுகிறவர்களின் கன்னத்தின் உட்புறம் வெளிறி, நார் நாராக இறுகி, வாய் திறக்கும் அளவு ஆண்டுக்கு ஆண்டு சுருங்கும். மூன்று விரலை நிமிர்த்தி வாய்க்குள் வைக்கச் சொல்வது மாணவர் செய்யும் எளிய சோதனை. இரண்டு விரல்கூட நுழையாதவர்களை நான் பார்த்திருக்கிறேன். பல்வலி என்று வந்தவரின் நாக்கை ஓரமாக இழுத்துப் பிடித்து, அடியிலும் பக்கத்திலும் வெள்ளைத் திட்டோ ஆறாத புண்ணோ இருக்கிறதா என்று பார்ப்பதை ஒருநாளும் விடக் கூடாது. வயல்வேலைக்குப் போகும் பெண்களிடம் ‘புகையிலை போடுவீங்களா?’ என்று நேரடியாகக் கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். ‘எந்தக் கன்னத்துல அடக்குவீங்க?’ என்று கேட்டால் விரல் தானாக அந்தப் பக்கம் போகும். இந்தத் தந்திரத்தை எனக்குச் சொல்லித்தந்தவர் ஒரு செவிலியர்.

உமிக்கரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நெல் விளையும் ஊரில் உமிக்கரியால் பல் துலக்கும் வழக்கம் முதியவர்களிடம் இன்னும் மிச்சமிருக்கிறது. உமியில் மணற்சத்து இருப்பதால் அந்தக் கரி பல்லை வெளுக்கச் செய்வதோடு ஈறு ஓரத்தில் பல்லையே ஆப்பு வடிவில் அரித்துவிடும். பாடநூலில் ஒரு படமாகக் காணும் இந்தத் தேய்மானத்தை நம் பகுதி முகாம்களில் நேரில் காணலாம்.

‘மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும்’ என்ற கேள்வி தவறாமல் வரும். மேல் பற்களின் உணர்வைக் கொண்டுசெல்லும் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு, இரண்டுக்கும் தொடர்பில்லை. பல்லும் கண்ணும் ஒரே வயதில் தளரத் தொடங்குவதால் பழி பல் மருத்துவர்மேல் விழுகிறது என்பது என் அனுமானம். இதைச் சிரிக்காமல், பொறுமையாக, ஒவ்வொரு முறையும் முதல்முறை சொல்வதுபோல் சொல்லக் கற்பதும் பயிற்சியின் ஒரு பகுதியே.

நோய்த்தொற்று அபாயம் இல்லையா?

இருக்கிறது. மருத்துவப் பயிற்சி தொடங்கும் முன்பே மஞ்சள்காமாலை பி வகைக்கான தடுப்பூசியை 0, 1, 6 மாதங்கள் என்ற இடைவெளியில் மூன்று தவணையும் போட்டுக்கொள்ள வேண்டும். பயன்படுத்திய ஊசிக்கு இரு கையாலும் மூடி போடக் கூடாது. ஊசி குத்திவிட்டால் மறைக்காமல் உடனே தெரிவிக்க வேண்டும், எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் பலன் உண்டு. திட்டு விழும் என்று மறைப்பவர்கள்தான் அதிக ஆபத்தில் இருக்கிறார்கள்.

இடதுகைப் பழக்கம் உள்ளவர்களோ நிறக்குருடு உள்ளவர்களோ படிக்கலாமா?

இடதுகைப் பழக்கம் தடையில்லை. நாற்காலிகள் வலதுகைக்காரர்களுக்கு ஏற்றபடி அமைந்திருப்பதால் தொடக்கத்தில் சிறிது தொல்லை, அவ்வளவே. நிறங்களைப் பிரித்தறிவதில் குறை உள்ளவர்கள், பல்லின் நிறத்தை 16 சாயல்கள் கொண்ட அட்டையோடு ஒப்பிட்டுத் தேரும் வேலையில் உதவியாளரின் கண்ணைத் துணைக்கொள்ள வேண்டியிருக்கும். கழுத்துவலியும் முதுகுவலியும் எல்லாருக்கும் பொது.

பெண் பிள்ளைகளுக்கு ஏற்ற படிப்பா?

வகுப்பறைகளைப் போய்ப் பாருங்கள், பெண்களே பெரும்பான்மை. ‘வீட்டோடு கிளினிக் வைத்துக்கொள்ளலாம், மாப்பிள்ளை எளிதில் அமையும்’ என்ற காரணத்துக்காகச் சேர்ப்பதாகச் சிலர் வெளிப்படையாகவே சொல்கிறார்கள். அந்தப் பெண்ணுக்கு இந்த வேலை பிடிக்குமா என்ற கேள்விக்கு அது பதில் ஆகாது. திருமணத்துக்குப் பின் நான்கைந்து ஆண்டுகள் கருவியைத் தொடாமல் இருந்துவிட்டுத் திரும்ப வருபவர்கள் படும் பாட்டையும் பார்த்திருக்கிறேன். கை மறந்துவிடும்; வாரத்துக்கு இரண்டு நாளாவது யாருடைய சிகிச்சையகத்திலாவது வேலை செய்துகொண்டே இருக்க வேண்டும் என்பதை மட்டும் வலியுறுத்துவேன்.

படித்து முடித்தபின் வருமானத்துக்கு என்ன வழி?

உள்ளுறைப் பயிற்சி முடிந்ததும் மாநிலப் பல் மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்துகொண்ட பின்னரே சிகிச்சை அளிக்கலாம். அரசு வேலை என்றால் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்தும் தேர்வின் வழியாக உதவிப் பல் மருத்துவர் பணி. இடங்கள் குறைவு, அறிவிப்புகளுக்கு இடையே ஆண்டுகள் ஓடிவிடும். அதையே நம்பி வீட்டில் காத்திருக்கக் கூடாது. மேற்படிப்பான எம்.டி.எஸ். 3 ஆண்டுகள், ஒன்பது பிரிவுகளில் இருக்கிறது. அதற்குத் தனி நீட் உண்டு.

பெரும்பாலோர் முதலில் ஏதாவது ஒரு சிகிச்சையகத்தில் சம்பளத்துக்குச் சேர்வார்கள். அந்தத் தொடக்கச் சம்பளம் பெற்றோரைத் திடுக்கிடச் செய்யும். ஐந்தாண்டு படித்த பிள்ளைக்கு இதுதானா என்று என்னிடம் கோபப்பட்டவர்கள் உண்டு. நான் பொய் சொல்ல விரும்பவில்லை: முதல் மூன்று ஆண்டுகள் வறட்சிதான். தஞ்சாவூர், கும்பகோணம் போன்ற ஊர்களில் தெருவுக்குத் தெரு பல் மருத்துவர் இருக்கிறார். ஆனால் முத்துப்பேட்டை, வேதாரண்யம் பக்கத்து உள்கிராமங்களிலிருந்து ஒரு வேர் சிகிச்சைக்காக மூன்று முறை பேருந்து ஏறி வருகிறவர்களை வாரந்தோறும் பார்க்கிறேன். மூன்றாம் முறை வராமலே நின்றுவிடுகிறவர்களும் உண்டு; அவர்களுக்குப் பல் பின்னர் உடைந்துபோகும். சொந்தமாகத் தொடங்க நினைப்பவர், இன்னொரு பெயர்ப்பலகைக்கு இடம் இருக்கும் கடைத்தெருவைவிட, அத்தகைய ஊரைத் தேர்வதே புத்திசாலித்தனம் என்பது என் கருத்து. நாற்காலி, அழுத்தக் காற்று எந்திரம், கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ், கதிர்ப்படக் கருவி ஆகியவற்றோடு, மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படியான பதிவுக்கும், மருத்துவக் கழிவுகளுக்கான மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதிக்கும், கதிர்ப்படக் கருவிக்கான அணுசக்தி ஒழுங்குமுறை வாரியப் பதிவுக்கும் நேரம் ஒதுக்க வேண்டும்.

வெளிநாட்டில் வேலை செய்யலாமா?

நேரடியாக முடியாது. வளைகுடா நாடுகள் உரிமத் தேர்வும் முன்னனுபவமும் கேட்கின்றன. பிரிட்டனில் இரண்டு பகுதிகள் கொண்ட பதிவுத் தேர்வு உண்டு. அமெரிக்காவில் தேசியத் தேர்வு எழுதிய பின்னரும் அங்குள்ள கல்லூரியில் 2 அல்லது 3 ஆண்டுகள் மறுபடி படிக்க வேண்டும், செலவு மலைக்கவைக்கும். குடும்பத்தில் ஒருவர் சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்கிறார் என்பதை மட்டும் நம்பி இந்தப் படிப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். ஒவ்வொரு நாட்டின் விதியும் தனி.

சேரும் முன் பிள்ளைக்கு இது ஒத்துவருமா என்று வீட்டிலேயே தெரிந்துகொள்ள வழி உண்டா?

இரண்டு காரியங்களைச் செய்யச் சொல்வேன். முதலாவது, பக்கத்தில் உள்ள பல் மருத்துவரிடம் அனுமதி கேட்டு, அரை நாள் ஓரமாக நின்று பார்க்கச் சொல்லுங்கள். இரத்தமும் எச்சிலும் சீழ் நாற்றமும் கலந்த அந்த அரை நாளுக்குப் பின் மதியச் சாப்பாடு இறங்கினால் நல்லது.

இரண்டாவது, மளிகைக் கடையில் ஒரு துணி சோப்புக் கட்டி வாங்கிக் கொடுங்கள். கையில் ஒரு பேனாக்கத்தி. மாதிரிக்கு, கண்ணாடியில் தன் வாயையே பார்த்துக்கொள்ளட்டும். மேல் தாடையில் நடுவிலிருந்து ஆறாவதாக இருக்கும் பல். அதன் கடிக்கும் பரப்பை மட்டும், நான்கு மடங்கு பெரிதாகச் செதுக்கச் சொல்லுங்கள். முதலாவது எப்படி வந்தது என்பது பொருட்டல்ல. பாதி சோப்பு தூளாகி, முகடெல்லாம் உடைந்துதான் வரும். யாரும் சொல்லாமலே அவர் இரண்டாவது சோப்பு கேட்கிறாரா என்று மட்டும் பாருங்கள். கேட்டால், செதுக்கியதை எடுத்துக்கொண்டு என்னிடம் வரட்டும். நோயாளிகள் குறையும் மாலை 7 மணிக்கு மேல் வந்தால் உட்கார்ந்து பார்க்க நேரம் இருக்கும்.